வீட்டில ஆரும் ஆம்பிளையள் இல்லையா?

2020 மார்ச்சில இலங்கை அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது. கொரோனா ஒரு பக்கம், கையிருப்பில டொலர் குறைந்தது இன்னொரு பக்கம். தனியார் வாகனங்களுக்கு அந்தத் தடை நீங்கினது 2025 பெப்ரவரியில. இடையில ஏறக்குறைய ஐந்து வருசம். அந்த ஐந்து வருசத்தில கொழும்பில ஓடின ஒவ்வொரு காரும் ஓட்டோவும் ஸ்கூட்டரும் ஐந்து வயசு கூடிக் கிழடாகின. புதுசு வாங்க வழியில்லை. பழசின் விலையோ, வாங்கின விலையை விட ஏறிப்போய் நின்றது. இருக்கிறதை எப்படியாவது ஓட வைக்கிறதுதான் எல்லாருக்கும் மிச்சமாக இருந்த ஒரே வழி.

எங்கட வயசுக்காரர் நிறையப் பேர் ஸ்பானர் பிடிக்கப் பழகினது அந்தக் காலத்திலதான். தகப்பனிட்டயோ கராஜிலயோ இல்லை, யூடியூப்பில. என்னுடைய வகுப்பில மட்டும் நாலு பேர் தங்கட பைக்குக்குத் தாங்களே ஒயில் மாத்துகிறார்கள். நாலு பேரும் கலைப்பீடம். கன்டீனில உட்கார்ந்தால் பேச்சு ஒரு கட்டத்தில 10டபிள்யூ30 ஒயிலுக்கு வந்துவிடும்.

எங்கட வீட்டில இருக்கிறது 2014ஆம் ஆண்டு ஹொண்டா டியோ. அம்மா பிளவுஸ் தைக்கிறவ. வெள்ளவத்தையில எங்கட பிளாட்டில தைத்து, கிழமைக்கு இரண்டு தரம் கொட்டாஞ்சேனையில இருக்கிற ஒரு கடைக்குக் கொண்டுபோய்க் கொடுப்பா. பிளவுஸ் பையோட பஸ்ஸில ஏறி இறங்கினால் அரை நாள் போய்விடும். ஓட்டோவில போனால் இரண்டு பிளவுஸ் தைத்த கூலி போகும். அதனால டியோ நின்றால் வீட்டு வருமானமும் நிற்கும். அப்பா தவறி எட்டு வருசம். வீட்டில அம்மாவும் நானும் மட்டும்.

2022 ஆகஸ்ட்டில டியோ நின்றது. நான் ஏ.எல். எழுதிவிட்டு ரிசல்ட்ஸ் பார்த்துக்கொண்டிருந்த காலம். அந்த வருசம் எப்படி இருந்ததென்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மார்ச்சில 200 ரூபா அளவில இருந்த டொலர் மே மாதம் 350ஐத் தாண்டியது. ஜூன் கடைசியில 92 ஒக்டேன் பெற்றோல் ஒரு லீற்றர் 470 ரூபா. அதுவும் ஜூன் 28 முதல் ஜூலை 10 வரை அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும் என்றார்கள். பிறகு கியூஆர் வந்தது: மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர். அதற்கு முந்தின மாதங்களில டியோ பேஸ்மென்டிலயே நின்றது. டாங்கியில கொஞ்சம் பெற்றோல் மிச்சம் இருந்தது. அவசரத்துக்கு உதவும் என்று அம்மா அதைத் தொடவில்லை.

கியூஆரில பெற்றோல் கிடைத்த பிறகு ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தால், சோக் இழுத்தால் ஓடும், சோக்கை விட்டதும் செத்துப்போகும். பக்கத்து ஒழுங்கையில இருந்த ஒரு கராஜுக்கு உருட்டிக்கொண்டு போனேன். அங்கே இருந்தவர் டியோவைப் பார்க்க முதல் என்னைப் பார்த்தார்.

"தங்கச்சி, வீட்டில ஆரும் ஆம்பிளையள் இல்லையா? வரச் சொல்லுங்கோ, கதைப்பம்."

இல்லை என்றேன். ஒரு தரம் கிக் பண்ணிப் பார்த்துவிட்டு, காபரேட்டர் முழுசா மாத்தோணும் என்று ஒரு விலை சொன்னார். அந்த விலைக்கு அம்மா ஒன்றரை மாதம் தைக்க வேண்டும். ஏன் மாத்த வேண்டும் என்று கேட்டேன். "சொன்னா உங்களுக்கு விளங்காது" என்றார்.

அவர் பொய் சொன்னாரா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. உண்மையாகவே அப்படி நினைத்திருக்கலாம். ஆனா விளங்காது என்ற சொல் என்னோட வீட்டுக்கு வந்தது. அன்றைக்கு இரவு போனில தேடத் தொடங்கினேன்.

முதல் நாள் விளங்கினது இவ்வளவுதான். பெற்றோல் எஞ்சினுக்குக் காற்று வேண்டும், பெற்றோல் வேண்டும், நேரத்துக்கு ஒரு தீப்பொறி வேண்டும், சிலிண்டருக்குள்ள அமுக்கம் வேண்டும். ஸ்டார்ட் ஆகாத எந்த எஞ்சினிலும் இந்த நாலில ஒன்று குறையும். காபரேட்டருடைய வேலை காற்றையும் பெற்றோலையும் சரியான அளவில கலப்பது. அதுக்குள்ள பித்தளையில செய்த சின்னச் சின்ன ஜெட்டுகள் இருக்கின்றன. ஊசித் துளை மாதிரி ஓட்டை. ஸ்லோ ஜெட் என்பது எஞ்சின் சும்மா ஓடும்போது பெற்றோல் கொடுப்பது. மெயின் ஜெட் வேகம் கூட்டும்போது கொடுப்பது. பெற்றோல் மாதக் கணக்கில அசையாமல் நின்றால், ஆவியாகக்கூடியது ஆவியாகி, மிச்சம் பிசின் மாதிரி ஜெட்டில படியும். முதலில அடைபடுவது ஆகச் சின்ன ஓட்டையான ஸ்லோ ஜெட். சோக் இழுத்தால் காற்றோட்ட விகிதத்தில பெற்றோல் கூடும், அதனால ஓடும். சோக்கை விட்டால் ஸ்லோ ஜெட்டிலிருந்து வர வேண்டிய பெற்றோல் வராது, அதனால நிற்கும்.

எங்கட டியோ செய்தது எழுத்துக்கு எழுத்து இதுதான். 2022இல நாடு முழுக்க எத்தனை ஸ்கூட்டருக்கு இதே வருத்தம் வந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

வீடியோக்கள் ஒன்றோடொன்று சண்டை பிடிக்கும் என்பது இரண்டாம் நாள் விளங்கினது. ஒருவர் ஜெட்டுக்குள்ள குண்டூசி விட்டுக் குத்துவார். இன்னொருவர் தலையில அடித்துக்கொண்டு, பித்தளை மெதுவானது, ஊசி ஓட்டையைப் பெருப்பிக்கும், பிறகு கலவை என்றைக்கும் சரிவராது என்பார். எயார் பில்டரை ஒருவர் பெற்றோலில கழுவுவார், ஒருவர் காற்றடிப்பார். ஆனா டியோவில இருப்பது ஒயில் ஊறின கடதாசிப் பில்டர். அதைக் கழுவவும் கூடாது, ஊதவும் கூடாது, ஊத்தையானால் புதுசு போட வேண்டும் என்று ஹொண்டாவின் கைநூலே சொல்கிறது. அந்தக் கைநூல் சீட்டுக்குக் கீழே பிளாஸ்டிக் உறைக்குள்ள எட்டு வருசமாகத் திறக்காமல் கிடந்தது.

பிறகு கம்பஸில வரலாற்றுப் பாடத்தில மூலாதாரங்களை எப்படி விசாரிப்பது என்று படிப்பித்தபோது எனக்கு இந்த வீடியோக்கள்தான் ஞாபகம் வந்தன. யார் சொல்கிறார்? எந்த மொடலுக்கு? எந்த வருசம்? இவர் இதில எதையாவது விற்கிறாரா? தன்னுடைய சொந்த வாகனத்தில செய்கிறாரா, கஸ்டமருடையதிலயா? செய்து முடித்த பிறகு ஸ்டார்ட் பண்ணிக் காட்டுகிறாரா, இல்லாவிட்டால் அங்கேயே வெட்டி முடித்துவிட்டாரா?

வருசம் என்பது எங்களுக்கு ரொம்ப முக்கியம். தமிழில கிடைக்கிற நல்ல ஸ்கூட்டர் வீடியோக்களில பெரும்பாலானவை தமிழ்நாட்டு மெக்கானிக்குகள் போடுபவை. இந்தியாவில 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்6 என்ற புகை விதி கட்டாயமானது. அதற்காக டியோ உட்பட நிறைய ஸ்கூட்டர்கள் காபரேட்டரை விட்டுவிட்டு பியூவல் இன்ஜெக்‌ஷனுக்கு மாறின. அங்கே ஸ்கூட்டர் மாறின அதே நாட்களிலதான் இங்கே இறக்குமதி நின்றது. அதனால எங்கட தெருக்களில ஓடுகிறவற்றில பெரும்பங்கு பழைய காபரேட்டர் வகை. 2021க்குப் பிறகு வந்த வீடியோவைப் பார்த்து இல்லாத சென்ஸரைத் தேடிக்கொண்டிருந்தால் இரவு விடிந்துவிடும். பெயர் ஒன்று, உருவம் ஒன்று, உள்ளே இருப்பது வேறு.

மொழியும் ஒரு விசயம். தமிழ்நாட்டு அண்ணன்மார் "வண்டி", "ஆயில்" என்பார்கள், நாங்கள் "பைக்", "ஒயில்" என்போம். அது பரவாயில்லை. பஞ்சிகாவத்தையில பார்ட்ஸ் வாங்கப் போனால் சிங்களத்தில கதைக்க வேண்டும். எனக்கு வருகிற சிங்களம் மரக்கறிக் கடைச் சிங்களம். ஆனா அங்கே போய்ப் பார்த்தால் ஸ்லோ ஜெட் என்பது சிங்களத்திலயும் ஸ்லோ ஜெட்தான். கேஸ்கெட், வாஷர், ஒயில் சீல், பெல்ட் எல்லாம் அப்படியே. ஆங்கிலத்தில பிறந்து மூன்று மொழியிலயும் வளர்ந்த சொற்கள். பெயர் தெரிந்தால் வேலை முடியும். தெரியாவிட்டால் "அந்த வட்டமா இருக்கிற சாமான்" என்று கையைக் காட்டிக்கொண்டு நிற்க வேண்டும். ஒரிஜினலா டூப்ளிகேட்டா யூஸ்டா என்று கேட்கவும் வேண்டும். மூன்றுக்கும் மூன்று விலை.

எல்லாம் பார்த்து முடித்தும் நான் உடனே காபரேட்டரைக் கழற்றவில்லை. அடுத்த தரம் அம்மா கொட்டாஞ்சேனைக்குப் போனபோது நானும் ஓட்டோவில போனேன். அம்மா பிளவுஸ் கொடுக்கிற கடைக்குப் பின்னால ஒரு பாஸ் இருக்கிறார். வயசு அறுபதுக்கு மேல. கராஜ் என்று பலகை இல்லை, வீட்டு வாசலில இரண்டு வாங்கு, ஒரு கம்ப்ரஸர், அவ்வளவுதான். அவருக்கு நான் சொன்னது ஒரே ஒரு வசனம்.

"பாஸ், சோக்கில ஓடுது, சோக்கை விட்டா நிக்குது. ரெண்டு மாசம் பெற்றோலோட சும்மா நிண்டது. ஸ்லோ ஜெட் அடைச்சிருக்குமோ?"

அவர் செய்துகொண்டிருந்த வேலையிலிருந்து தலையைத் தூக்கினார். "யார் சொன்னது மகள்?"

"வீடியோவில பார்த்தது."

சிரித்தார். "சரி, ஸ்கூட்டரைக் கொண்டு வாங்க. நானே கழட்டித் தாறன், நீங்களே கிளீன் பண்ணுங்க" என்றார்.

அப்படித்தான் நடந்தது. ஒரு சின்ன லொறியில டியோவை ஏற்றிக்கொண்டு போனோம். பாஸ் புளோட் கிண்ணத்தைக் கழற்றினபோது அடியில தேன் நிறத்தில பிசின். ஸ்லோ ஜெட்டை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்க்கச் சொன்னார், ஒன்றும் தெரியவில்லை. கிளீனர் அடித்து, ஊற விட்டு, கம்ப்ரஸரால காற்றடித்து, திரும்பப் பிடித்தால் ஊசி முனை அளவு வெளிச்சம். ஒரு கேஸ்கெட்டும் கிளீனரும் அவருடைய கூலியும் சேர்த்து, முதல் கராஜ் சொன்ன விலையில பத்தில ஒரு பங்குகூட வரவில்லை.

அதற்குப் பிறகு மூன்று வருசமாக நான் அவரிடம் போய்வருகிறேன். வீடியோ சொல்லித்தராத எத்தனையோ விசயம் இருக்கிறது என்பது அங்கேதான் தெரிந்தது. ஒயில் வடிக்கிற போல்ட்டை எவ்வளவு இறுக்குவது? வீடியோவில "நல்லா டைட் பண்ணுங்க" என்பார்கள். கைநூலில நியூட்டன் மீற்றரில ஒரு எண் இருக்கும், அதை அளக்கிற டோர்க் ரென்ச் எங்களிடம் இல்லை. எஞ்சினின் அடிப்பாகம் அலுமினியம், போல்ட் இரும்பு. கூட இறுக்கினால் அலுமினியப் புரி வழுகிவிடும், பிறகு பெரிய செலவு. யாரோ அப்படி வழுக்கிக் கொண்டுவந்த ஒரு எஞ்சின் கவரைப் பாஸ் எனக்குக் காட்டினார். பிறகு என் கையில ஸ்பானரைத் தந்து, அதற்கு மேல தன்னுடைய கையை வைத்து இறுக்கினார். வாஷர் நசுங்குகிற இடத்தில ஸ்பானர் ஒரு சின்ன மாற்றம் சொல்லும். "அங்க நிப்பாட்டுங்க மகள்." அந்த உணர்வை எந்தக் கமெராவாலும் எடுக்க முடியாது.

பிளக் வாசிக்கவும் அவரே பழக்கினார். கழற்றின பிளக்கின் நுனி பிஸ்கட் நிறத்தில இருந்தால் எஞ்சின் சுகமாக இருக்கிறது. காய்ந்த கரி படிந்திருந்தால் பெற்றோல் கூட, இல்லாவிட்டால் காற்று குறைவு. ஒயில் பிசுபிசுப்பு என்றால் உள்ளே ரிங் தேய்கிறது, செலவு வரப்போகிறது. வெளுத்துப்போயிருந்தால் பெற்றோல் போதவில்லை, எஞ்சின் அளவுக்கு மேல சுடுகிறது. இது வீடியோவிலயும் இருக்கிறதுதான். ஆனா போன் திரையில பிஸ்கட் நிறமும் கரி நிறமும் அவரவர் வெளிச்சத்தைப் பொறுத்தது. அவருடைய பழைய டின்னுக்குள்ள கிடக்கிற இருபது முப்பது பிளக்குகளைப் பக்கத்தில பக்கத்தில வைத்துப் பார்த்தால் ஒரே நாளில பிடிபடும்.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து நின்ற பெரிய மாமாவுக்கு இதையெல்லாம் சொன்னபோது அவர் பெரிசாக ஆச்சரியப்படவில்லை. 90களின் தொடக்கத்தில பொருளாதாரத் தடை இருந்தபோது அங்கே பெற்றோல் இல்லை. மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில ஓட்டினார்கள். மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில லேசில ஆவியாகாது. அதனால சின்னப் போத்தலில வைத்திருக்கிற கொஞ்சப் பெற்றோலை விட்டு ஸ்டார்ட் பண்ணி, எஞ்சின் சூடான பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். பிளக்கில கரி பிடித்துக்கொண்டே இருக்கும். மாமா பிளக் ஸ்பானர் இல்லாமல் வீட்டை விட்டு வெளிக்கிட மாட்டாராம். "ஆர் படிப்பிச்சது?" என்று கேட்டேன். "பக்கத்து வீட்டு அண்ணைதான் எங்கட யூடியூப்" என்றார்.

அந்த அண்ணை இன்றைக்கு எத்தனை பேருக்கு இருக்கிறார்? 2022இல மட்டும் 3 இலட்சத்துக்கு மேற்பட்டோர் வேலைக்காக இந்த நாட்டை விட்டுப் போனார்கள். பாஸின் மகனும் அதில ஒருவர், இப்போது கத்தாரில ஒரு வேர்க்‌ஷொப்பில. தகப்பனிடம் பழகின கை அங்கே வேலை செய்கிறது. இங்கே பாஸுக்குப் பக்கத்தில வாங்கில உட்கார்ந்து ஜெட்டுக்குக் காற்றடிப்பது, சனிக்கிழமைகளில, கலைப்பீட மாணவி ஒருத்தி. நான் மெக்கானிக் ஆகப் போவதில்லை. பாஸுக்கும் அது தெரியும். அவருக்குப் பிறகு அந்த வாசலில யார் இருப்பார் என்பதற்கு என்னிடம் பதிலில்லை, எந்த வீடியோவிடமும் இல்லை.

இனி அந்த முதல் கேள்விக்கு வருவோம். வீட்டில ஆம்பிளையள் இல்லையா என்று கேட்கிறவர் எல்லாரும் கெட்டவர்கள் இல்லை. பெண்களுக்கு எஞ்சின் பற்றித் தெரியாது என்று அவருக்கு யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள், எங்களுக்கும் அதையே சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். கொழும்பில ஸ்கூட்டர் ஓடுகிற பெண்கள் எத்தனை பேர் என்று காலி வீதியில காலையில ஒரு சிக்னலில நின்று பாருங்கள். ஓட்டுவது நாங்கள். பழுதானால் கதைப்பது அண்ணா, மாமா, பக்கத்து வீட்டு அங்கிள். எங்களுக்கும் வாகனத்துக்கும் நடுவில எப்பவும் ஒரு மொழிபெயர்ப்பாளர். யூடியூப் எனக்குச் செய்த பெரிய உதவி, காசு மிச்சம் பிடித்ததை விட, அந்த மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் கதைக்க வைத்தது. எந்தப் பெண் எந்த மெக்கானிக்கிடம் போனாலும் "என்னவோ தெரியேல்ல, ஓடுதில்லை" என்று சொல்வதற்கும், எப்போது, எங்கே, எது செய்தால் என்று சொல்வதற்கும் நடுவில விலை மாறும், குரல் மாறும், சிலவேளை உட்காரக் கதிரையும் வரும்.

அதற்காக எல்லாவற்றையும் வீட்டில செய்யச் சொல்லவில்லை. நான் செய்வது: ஒயில் மாத்துவது, பிளக் பார்ப்பது, எயார் பில்டர் போடுவது, பற்றரி டேர்மினல் துடைத்து வசலின் பூசுவது. கடைசியில சொன்னது வெள்ளவத்தைக்காரருக்குக் கட்டாயம். மரைன் டிரைவ் பக்கம் வீசுகிற உப்புக் காற்று டேர்மினலைப் பச்சை பிடிக்க வைக்கும், நட்டுகளைத் துருவாக்கும். நான் தொடாதது: பிரேக், பெல்ட் கவருக்கு உள்ளே இருக்கிறது, சில்லின் நட். ஒயில் மாத்துவதில பிழை வந்தால் எஞ்சின் போகும். பிரேக்கில பிழை வந்தால் ஆள் போகும். பழைய பிரேக் சூவில அஸ்பெஸ்டஸ் இருக்கக்கூடும், அந்தத் தூசியை வாயால ஊதுகிற வீடியோக்களை அப்படியே மூடிவிடுங்கள்.

பிளாட்டில இருக்கிறவர்களுக்கு இன்னும் இரண்டு சொல்ல வேண்டும். மூடின பேஸ்மென்டில எஞ்சினை ஓடவிட்டுக்கொண்டு வேலை செய்யாதீர்கள், கார்பன் மொனொக்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மற்றது, வடித்த ஒயிலைக் கானில ஊற்றாதீர்கள். எங்கட கான்கள் கால்வாய்க்குப் போகும், கால்வாய் கடலுக்குப் போகும். நான் பழைய தண்ணீர்ப் போத்தலில சேர்த்து பாஸிடம் கொடுக்கிறேன், அவர் சேர்த்து எடுக்கிறவர்களுக்குக் கொடுக்கிறார். முதல் தடவை நிலத்தில காட்போட் விரித்தபோது எங்கட செக்கியூரிட்டி ஐயா முறைத்துக்கொண்டு வந்தார். இப்போது டோர்ச் பிடிப்பதே அவர்தான்.

இறக்குமதி திறந்தாகிவிட்டது. ஆனா வரியோட சேர்ந்து புது ஸ்கூட்டரின் விலை எங்கட வீட்டுக் கணக்குக்குள்ள வராது. டியோ இன்னும் சில வருசம் ஓட வேண்டும், நான் டிகிரி முடித்து ஒரு வேலை எடுக்கும் வரையாவது.

போன மாதம் அம்மா தனியாகவே கொட்டாஞ்சேனைக்குப் போனா. வழியில ஏதோ சத்தம். முந்தி என்றால் எனக்குக் கோல் எடுத்து, "என்னவோ சத்தம் வருது, நீ வந்து பார்" என்று சொல்லியிருப்பா. அன்றைக்கு நேரே பாஸிடம் போய், "பின் சில்லுப் பக்கம், பிரேக் பிடிக்கேக்க மட்டும், கிறீச் எண்டு கேக்குது, சூ தேஞ்சிருக்கும் போல" என்று சொல்லியிருக்கிறா. பாஸ் கழற்றிப் பார்த்தார். தேய்ந்துதான் இருந்தது. மாத்திவிட்டு அம்மாவிடம் பழைய சூவைக் கையில கொடுத்து அனுப்பியிருந்தார், எனக்குக் காட்டச் சொல்லி.